மணிக்குத் தமிழில் வைத்த சோறு

முதலில் நினைவுக்கு வருவது ஓர் அட்டைப்பெட்டி. கம்ப்யூட்டர் மானிட்டர் வந்திறங்கிய பெட்டி. அந்தக் காலத்து மானிட்டர்கள் முதுகில் ஒரு குட்டி யானையைக் கட்டிக்கொண்டு வரும் என்பதால் பெட்டியும் பெரிது. பக்கவாட்டில், உடையக்கூடிய பொருள் என்று எச்சரிக்க ஒரு கண்ணாடிக் கோப்பையும், எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று காட்ட இரண்டு அம்புக்குறிகளும் அச்சிட்டிருந்தார்கள். அம்புக்குறி காட்டிய திசையில், மடக்கிய அட்டைகளுக்கு நடுவே, செம்மண் நிறத்தில் ஒரு தலை. தலையைவிடப் பெரிதாக இரண்டு காதுகள். அதில் ஒன்று, நிற்பதா விழுவதா என்று இன்னும் முடிவு செய்யாத காது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆபீஸ் வண்டிகள் வந்து நிற்கும் இடத்தில் வைத்து, எங்கள் அட்மின் அக்கா அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது சிரிப்பு எதுவும் இல்லை. புது ஊழியருக்கு லேப்டாப் கொடுத்துக் கையெழுத்து வாங்கும்போது இருக்கும் அதே முகம்.

"ஸார், இது கிஃப்ட் இல்ல, ட்ரையல். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம உங்க வீட்டுக்கு வருவேன். வெலா எலும்பு தெரிஞ்சுதோ, குட்டி வாபஸ். அப்பறம் கோச்சிக்கக் கூடாது."

"கோச்சிக்க மாட்டேன் அக்கா. என் வெலா எலும்பு தெரிஞ்சா என்னையும் கூட்டிட்டுப் போயிருவீங்களா?"

"உங்களுக்கு வெலா எலும்பு இருக்கறதே யாருக்கும் தெரியாது ஸார்," என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்கு ஆள் ஏற்றப் போய்விட்டார்.

ஹைதராபாதில் வாரத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படி முளைத்த ஒன்றின் நாலாவது மாடியில் எங்கள் கம்பெனி. அங்கே நாற்காலியின் கால் ஆடினாலும், அடையாள அட்டை தொலைந்தாலும், ஏசியில் தண்ணீர் ஒழுகினாலும், வண்டி வராவிட்டாலும், வந்த வண்டியில் டிரைவரோடு சண்டை வந்தாலும் எல்லாரும் போய் நிற்பது அக்காவின் மேஜை முன்னால்தான். வயதில் என்னைவிட நாலைந்து வருடம்தான் மூத்தவர். ஆனால் மேனேஜர்களும் அக்கா என்றார்கள், மேனேஜர்களின் மேனேஜரும் அக்கா என்றார். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். அப்பா அதே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, அல்வாலில் சுற்றுச்சுவர் வைத்த சின்ன வீடொன்று கட்டியிருந்தார். மூன்று தலைமுறையாகத் தமிழ்நாட்டுக்குக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் போய்வந்த குடும்பம். வீட்டில் பேசியது தமிழ்தான்; ஆனால் ஹைதராபாத் தண்ணீர் குடித்து வளர்ந்த தமிழ். ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்பார். ஏன் என்பதற்கு 'கைக்கு' என்பார். கோபம் வந்தால் தெலுங்கு, குஷி வந்தால் உருது. 'கைக்கு ஸார் டென்ஷன்?' என்று அவர் கேட்டுவிட்டால் பாதி டென்ஷன் போய்விடும். மீதிப் பாதிக்குப் படிவம் ஒன்று நிரப்பச் சொல்வார்.

நான் கோவில்பட்டிக்காரன். அந்தக் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவுக்குத் தலைமை. அடுத்தவர் எழுதும் புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது தொழில். அதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்களே என்பதில் எனக்கு அன்றும் இன்றும் ஆச்சரியம் உண்டு. குகட்பள்ளியில், வீட்டுவசதி வாரியக் காலனியில், முதல் மாடியில் குடியிருந்தோம். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. ஒரு வருடமாக நாய்க்குட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஒரு வருடமாக ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். 'ஆபீஸ்ல பகல் பூரா என்னையப் பாத்துக் குரைக்காங்க, வீட்லயும் வேணுமா?' என்பேன். 'இருக்கற ரெண்டு பேரே நான் சொன்னா கேக்கறதில்ல, மூணாவது எதுக்கு?' என்பேன். எனக்கு நாய் என்றால் பிடிக்காது என்றில்லை. சின்ன வயதில் எங்கள் தெரு நாய் ஒன்று என் அரைக்கால் சட்டையின் பின்பக்கத்தைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போனது; அந்த உறவு அத்தோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான். கடைசியில், கம்பெனிக் குடும்ப விழாவில் என் மனைவி அக்காவைப் பார்த்து, "உங்க வீட்ல குட்டி போட்டிருக்காமே?" என்று கேட்டுவிட்டாள். அதற்கு மேல் என் ஜோக்குக்கு வேலை இல்லை.

குட்டி வீட்டுக்கு வந்த அன்றே நான் ஒரு சட்டம் போட்டேன். என் மகள் நாங்கள் பேசும் தமிழைப் புரிந்துகொள்வாள், பதில் மட்டும் பெரும்பாலும் வேறு ஏதாவது ஒரு பாஷையில் வரும். காலையில் ஆங்கிலம், பள்ளிக்கூடம் விட்டு வந்த சூட்டில் தெலுங்கு, விளையாடப் போனால் இந்தி. 'சாப்பிட்டியா?' என்றால் 'தின்னானு' என்பாள். ஆறு வருடம் போராடித் தோற்ற களம் அது. ஆனால் இந்தக் குட்டி புதுச் சிலேட்டு. இதையாவது விடக் கூடாது. "குட்டிகிட்ட எல்லாரும் தமிழ்லதான் பேசணும். வேற பாஷை பேசினா வெளிய போய்ப் பேசிட்டு வரணும்," என்று அறிவித்தேன். அவள் சாக்லேட் என்று பெயர் வைக்க நினைத்திருந்தாள். நான் மணி என்று வைத்தேன். தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு அந்தப் பெயர்தான் என்று மனைவி சொன்னாள். அதனால்தான் வைத்தேன், நம்ம ஊருக்குப் போனால் தனியாகத் தெரியாது என்றேன்.

அன்று சாயங்காலமே மணிக்கு முதல் சாப்பாடு. வட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் வெதுவெதுப்பான பால். கீழே வைத்ததும் உடம்பைவிட வால் வேகமாக ஆட ஓடிவந்தது. கிண்ணத்தின் விளிம்பில் மூக்கை வைத்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பாசத்தோடு, "நக்கு கண்ணு, நக்கு," என்றேன்.

மணி தலையை எடுத்துக்கொண்டது. இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்தது. பாலைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, வாலை ஒரு தடவை தரையில் தட்டியது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரச் சொன்னால் 'இருக்கட்டும், நீங்க உக்காருங்க' என்று ஒதுங்கி நிற்பவர்களின் முகம் இருக்குமே, அது.

"என்ன வார்த்தை இது, வேற நல்ல வார்த்தையே கெடைக்கலையா?" என்றாள் மனைவி. எங்கள் வீட்டில் அந்தச் சொல் கொஞ்சம் கீழ்த்தரம். கையில் ஒட்டிய தேனைக்கூட மகள் 'லிக்' தான் செய்வாள். நாய்க்கு வேறு என்ன சொல்வது, அருந்துக என்றா சொல்வது, என்று கேட்டேன். மகள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து நான் டெஸ்டிங்காரனாக மாறினேன். எங்கள் தொழிலின் முதல் பாடம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. எதை மாற்றினால் கோளாறு மறைகிறதோ அதுதான் குற்றவாளி. பாலை மாற்றினேன். பால்சோறு, தயிர்சோறு, குழைத்த பருப்புசாதம், கடையில் குழந்தைகளுக்கு விற்கும் சத்துமாவுக் கஞ்சி, அவித்த முட்டையைப் பாலில் கரைத்த ஒரு மஞ்சள் திரவம். அது இன்னும் சின்னக் குட்டி, எல்லாவற்றையும் கஞ்சிப் பதத்தில் கொடுங்கள் என்று அக்கா சொல்லியிருந்ததால் எதுவானாலும் நக்கும் பதத்தில்தான் இருந்தது. பிறகு கிண்ணத்தை மாற்றினேன். எவர்சில்வரில் தன் முகம் தெரிந்து பயப்படுகிறதோ என்று பீங்கான். பீங்கான் குளிர்கிறதோ என்று பிளாஸ்டிக். சமையலறையிலிருந்து பால்கனிக்கு இடம் மாற்றினேன். கிழக்கு பார்த்து வைத்தேன். என் மனைவி, "வாஸ்து பாக்க ஆளக் கூட்டியாரவா?" என்றாள். ஒவ்வொரு தடவையும் ஒரே கதை. ஆசையாக ஓடிவரும், மூக்கை வைக்கும். நான் பக்கத்தில் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து, விரலில் தொட்டுக் காட்டி, "நக்கு… ஒரே ஒரு நக்கு… அப்பாவுக்காக ஒரு நக்கு," என்று உருகுவேன். மணி மரியாதையாகப் பின்வாங்கி உட்கார்ந்துவிடும்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் இளைஞர், நிதானமானவர். மணியின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கினார், வாலைத் தூக்கினார். கடைசியில் என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார். பசித்தால் தின்னும் என்றார். பதினைந்து நிமிடம் வையுங்கள், தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைக்குத் தானாக வழிக்கு வரும் என்றார். பசித்தால் தின்னும் என்பதை என் மனைவி சனிக்கிழமையே சொல்லியிருந்தாள். ஆனால் அவள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லை. அன்றிலிருந்து கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடமும் விடாமல் கெஞ்சிவிட்டு, பதினாறாவது நிமிடம் கிண்ணத்தை எடுத்துவிடுவேன். எடுத்ததை வீணாக்க மனம் வராமல், பெரும்பாலும் நானே சாப்பிட்டேன். சத்துமாவுக் கஞ்சி ஒன்றும் மோசமில்லை.

புதன்கிழமை காலையில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம்தான். வார்த்தை புரியவில்லை போலிருக்கிறது, செய்து காட்டினால் புரியும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. பால்கனியில் லுங்கியோடு நாலு காலில் நின்று, கிண்ணத்தில் முகத்தைக் கவிழ்த்து, நாக்கால் பாலைச் சுழற்றி, "பாத்தியா? இப்பிடித்தான். நக்கு!" என்றேன். எதிர் ஃப்ளாட்காரர், துணைத் தாசில்தாராக இருந்தவர், துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செம்பு அப்படியே நின்றது. நான் மீசையில் பாலோடு, "குட் மார்னிங்," என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மணி மட்டும் அசையாமல் உட்கார்ந்து, அனுதாபத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆபீசில் அக்காவைக் கண்டால் நான் வேறு வழியாகப் போக ஆரம்பித்தேன். ஆனால் அக்காவிடமிருந்து தப்பித்தவர் யார்? வியாழக்கிழமை மதியம் கேன்டீன் வாசலில் மறித்துவிட்டார்.

"குட்டி எப்பிடி இருக்கு ஸார்?"

"பிரமாதமா இருக்கு அக்கா. வெளுத்து வாங்குது."

"ஹவ்? அப்ப நீங்க கைக்கு ஸார் இப்பிடி வாடிப் போயிருக்கீங்கோ?"

"ரிலீஸ் டென்ஷன் அக்கா."

அக்கா நம்பவில்லை. "ஞாயித்துக்கெழம வரேன்ல," என்று மட்டும் சொன்னார். அவருக்கு அந்தக் குட்டிகள் வெறும் குட்டிகள் இல்லை. முன்பு ஒரு தடவை ஆபீஸ்காரர் ஒருவருக்குக் கொடுத்த குட்டியை ஆறு மாதம் கழித்துத் தெருவில் எலும்பும் தோலுமாகப் பார்த்துத் தூக்கிவந்திருக்கிறார். அன்றிலிருந்துதான் இந்த ட்ரையல். சொன்னால் சொன்னதுதான். மணி திரும்பிப் போய்விடும் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஒரு வருடமாக வேண்டாம் வேண்டாம் என்றவன், ஒரு வாரத்தில் இதை நினைத்து ஆபீஸ் கழிப்பறையில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நானே நம்பவில்லை, கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரே ஒரு நல்ல செய்தி. "பிள்ளை இந்த வாரம் டப்பாவ மிச்சம் வைக்காமத் திங்கு. வழக்கமாப் பாதிச் சப்பாத்தி திரும்பி வரும். முட்டைகூட ரெண்டாக் கேக்கா," என்று மனைவி சந்தோஷப்பட்டாள். ஒன்று தின்னாவிட்டால் இன்னொன்று தின்கிறது என்றேன். ஆனால் மகள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசினால் ஒற்றை வார்த்தை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, ஆன்ட்டி வந்து மணியத் தூக்கிட்டுப் போனா, யூ வில் பி ஹேப்பி?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் ஒரு நிமிடம் கவனித்திருக்கலாம். எனக்குத்தான் வாய் முந்திக்கொள்ளும். "ஹேப்பியாவா? காலனி பூரா லட்டுக் குடுப்பேன்," என்றேன். அவள் சிரிக்கவில்லை. மணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எட்டு வயதுக்கு ஜோக் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை எடை பார்த்தேன். மணியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறி, வித்தியாசத்தைக் கழிக்கும் முறை. போன வாரமும் அப்படித்தான் பார்த்திருந்தேன். இந்த வாரம் மணியோடு ஏறியபோது முள் நன்றாக நகர்ந்து நின்றது. தனியாக ஏறிப் பார்க்கவே பயமாக இருந்தது. குட்டி ஒன்றுமே தின்னவில்லை, அது எனக்கு உறுதியாகத் தெரியும். அப்படியானால் ஏறியது நான்தான், அது விட்ட கஞ்சியெல்லாம் என் வயிற்றில்தானே இருக்கிறது என்று தீர்மானித்து இறங்கிவிட்டேன். தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் செய்த வேலை இது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அக்கா வந்தார். அல்வாலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் மூடி போட்ட பிரம்புக்கூடை. கூடையைப் பார்த்ததும் என் மகள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மனைவி காபி கொண்டுவந்தாள். அக்கா வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "மொதல்ல அதுக்கு வைங்கோ ஸார். நான் பாக்கணும்," என்றார்.

பால்சோற்றைக் குழைத்து வைத்தேன். மணி அக்காவின் புடவையை மோந்துவிட்டு, கிண்ணத்தைக் கண்டதும் தாவி ஓடிவந்து மூக்கை வைத்தது. இன்றைக்கு ஒரு நாள் மானத்தைக் காப்பாற்று சாமி என்று வேண்டிக்கொண்டு, ஒன்பது நாள் பாசத்தையும் ஒன்றாகத் திரட்டி, "நக்கு கண்ணு… நக்கு… நக்கூ," என்றேன். மணி தலையைத் தூக்கியது. இரண்டடி பின்னால் போனது. உட்கார்ந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். "என்னா சொன்னீங்கோ?"

"நக்குன்னு சொன்னேன் அக்கா. ஒம்போது நாளாச் சொல்லுதேன். ஒரு வாய் வைக்க மாட்டேங்கு. நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க."

"இன்னொரு தபா சொல்லுங்கோ."

சொன்னேன். மணி இன்னும் ஓரடி பின்னால் போனது.

அக்காவுக்கு முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினார். "யா அல்லா… ஐயோ முருகா…" என்று இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டார். "ஸார், எங்க வீட்ல எங்கப்பா கீழ உக்காந்துதான் சாப்புடுவாரு. அஞ்சு குட்டியும் ஓடியாந்து தட்டுல மூக்க வெக்கும். அவரு ஒவ்வொண்ணுத்துக்கும் மூக்குல ஒரு தட்டு தட்டி, 'நக்கோ! நக்கோ!'ம்பாரு. வேணாம்னு அர்த்தம் ஸார். தட்டுகிட்ட வராதன்னு அர்த்தம். இது மொதல்ல கத்துகிட்ட வார்த்தையே அதான். நீங்க சோத்த முன்னாடி வெச்சிட்டு நக்கோ நக்கோன்னா, அது பாவம் என்னா பண்ணும்? நல்ல குடும்பத்துப் புள்ள, சொன்னா கேட்டுக்குது!"

நக்கோ. அந்த ஊரில் நான் மிக அதிகமாகக் கேட்ட சொல்லே அதுதான். சாயங்காலம் ஆபீஸ் வாசலில் எந்த ஆட்டோவை நிறுத்தி 'குகட்பள்ளி' என்றாலும் டிரைவர் தலையை ஆட்டி 'நக்கோ' என்று சொல்லிவிட்டுத்தான் போவார். ஆறு வருடம் அதைக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கொஞ்சும்போது உதடு குவிந்துவிடும். சொல்லின் வால் நீண்டு வளைந்து ஆட்டோக்காரரின் 'கோ'வில் போய் நிற்கும். பாலை மாற்றினேன், கிண்ணத்தை மாற்றினேன், திசையை மாற்றினேன். மாற்றாமல் வைத்திருந்தது என் வாயை மட்டும்தான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை மணியின் பக்கம் நகர்த்தினார். சாதாரணமாக, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்வது மாதிரி, "காலே பேட்டா," என்றார். சாப்பிடுடா என்பது அவ்வளவுதான். மணி கிண்ணத்துக்குள் விழுந்தது. சத்தம் கேட்டு என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அரை நிமிடத்தில் கிண்ணம் வெளுத்து, தரையில் உருண்டு, சுவரில் போய் முட்டி நின்றது.

அக்கா மணியைத் தூக்கி மடியில் போட்டு விலாவைத் தடவினார். சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பத் தடவினார்.

"ஸார், ஒம்போது நாளா சாப்டலன்னு சொன்னீங்கோ. இது எங்க வீட்ல இருந்தத விட ரெண்டு சுத்து கூட இருக்கு. வெலாவே தட்டுப்படல. அப்ப யாரு போட்டது?"

படுக்கையறைக் கதவு கொஞ்சம் அசைந்தது. என் மகள் வெளியே வந்தாள். அழுது முடித்து மறுபடி அழுவதற்குத் தயாரான முகம்.

"நான்தான் ஆன்ட்டி. ஸ்கூல்லேர்ந்து என் டிஃபன கொண்டு வந்து டெய்லி ஈவ்னிங் குடுத்தேன். எக் குடுத்தேன். அப்பா வர்றதுக்கு முன்னாடி. லீவு நாள்ல என் பிளேட்லேர்ந்து எடுத்துக் குடுத்தேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அப்பாதான் மணிக்கு டெய்லி நக்கோ நக்கோ சொல்றாங்க. தின்ன விட மாட்டேங்கறாங்க. அப்பறம் பவுலயும் எடுத்துடறாங்க. அது வீக் ஆயிட்டா நீங்க தூக்கிட்டுப் போயிடுவீங்கல்ல? அப்பாக்கு மணி வேணாம். லட்டுக் குடுப்பேன்னு சொன்னாங்க."

'நக்கு' என்று ஒரு சொல் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அதை அவள் காதில் விழவிடாமல்தானே வளர்த்திருந்தோம். ஒன்பது நாளும் அவள் பார்த்தது, பசியோடு ஓடிவரும் ஒரு குட்டியின் முன்னால் சோற்றை வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, தின்னாதே தின்னாதே என்று கொஞ்சுகிற அப்பாவை. விரலால் தொட்டுக் காட்டி ஆசை காட்டிவிட்டு நக்கோ என்கிறவரை. நாலு காலில் நின்று அதன் பாலைத் தானே குடிக்கிறவரை. இப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவளால் முடிந்த ஒரே காரியத்தைச் செய்திருக்கிறாள். தன் பங்கை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

எதற்கும் ஒரு ஜோக் கையில் வைத்திருப்பவன் நான். மாமனார் இறந்த வீட்டில்கூட ஒன்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன். அன்று தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. நாக்கை நீட்டி, நக்குவது எப்படி என்று செய்து காட்டி, நக்கு என்றால் இதுதான் கண்ணு, நான் தின்னச் சொன்னேன், கெஞ்சிக் கெஞ்சித் தின்னச் சொன்னேன் என்று அவளிடம் தட்டுத் தடுமாறி விளக்கினேன். அவள் என் நாக்கைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா, "ஹவ் பேட்டா, நெஜந்தான்," என்றார். பிறகு அவள் என்னிடம் கேட்டாள்: "அப்போ, உங்களுக்கு மணி வேணுமா?"

"வேணும்," என்றேன். இதுவும் ஜோக்கா என்று அவள் என் முகத்தில் தேடியதால் இன்னொரு தடவை சொன்னேன். "எனக்கு வேணும்."

அந்தச் சொல்லில் எந்தப் பாஷையும் குறுக்கே வரவில்லை. அவள் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மணி நடுவில் நசுங்கிக் கத்தியது. என் மனைவி அடுப்பில் எதுவும் இல்லாமலே அடுப்பைப் பார்க்கப் போனாள். அக்கா ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "கைக்கு ஸார், இந்த ஒரு வார்த்தைய மொதல் நாளே சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருப்பீங்கோ?" என்றார். கூடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது மறுபடி ஒரு தடவை தோள் குலுங்கச் சிரித்தார். படி இறங்கிப் போகும்வரை அந்தச் சிரிப்பு கேட்டது.

திங்கட்கிழமை காலைக்குள் ஆபீஸ் முழுவதும் தெரிந்துவிட்டது. அந்தக் கம்பெனியில் இருந்த கடைசி நாள்வரை நான் நக்கோ ஸார்தான். வண்டி டிரைவர்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் தேடுவார்கள். அக்கா அதற்காக ஒரு தடவையும் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் மணிக்கு ஊசி போடும் நாளை எனக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஞாபகப்படுத்துவார், லைசென்ஸ் முடியும் தேதியை ஞாபகப்படுத்துவது மாதிரி. கம்பெனி கைமாறி, ஆட்கள் மாறி, நாங்கள் எல்லாரும் பல பக்கம் சிதறிய பிறகும் அந்த போன் வருவது நிற்கவில்லை. கடைசியாக, மணி போய்விட்டது என்று நான் சொன்ன அன்று, "நல்லா சாப்டுச்சா ஸார், கடைசி வரிக்கும்?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டது அக்கா, என்றேன். உண்மைதான். பதினொரு வருடத்தில் மணி தின்னாதது என்று எதுவும் இல்லை. என் ஷூ இரண்டு ஜோடி, எதிர் ஃப்ளாட்காரரின் துளசி, மகளின் பத்தாம் வகுப்பு பூகோளப் புத்தகம் என்று ஒரு பட்டியலே உண்டு. ஆனால் அது கிண்ணத்தில் வாய் வைத்திருக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே தவிர, ஒரு வார்த்தை பேசியதில்லை. பதினொரு வருடம், தினமும் இரண்டு வேளை, நான் பேசாமல் இருந்தேன். அதற்காகவே அந்த நாய்க்குக் கோயில் கட்டலாம் என்பாள் என் மனைவி.

மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை வருகிறாள். எங்கே கற்றாளோ, நல்ல தமிழ் பேசுகிறாள். என்னுடைய ஜோக்குகளுக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. அவள் சாப்பிட உட்காரும்போது நானும் எதிரே போய் உட்கார்ந்துகொள்கிறேன். "என்னப்பா அப்படிப் பாக்கறீங்க?" என்பாள். ஒன்றுமில்லை என்று தலையை மட்டும் ஆட்டுவேன். அவளுக்காகவே சேர்த்து வைத்த ஜோக் நாலைந்து நாக்கு நுனியில் நிற்கும். முதல் வாய் உள்ளே போகட்டும் என்று காத்திருப்பேன்.